வேட்டை நாயின் சொறி: அரபு நூல்களில் ஒரு மருத்துவ மரபு

அரபு மொழியில் 'ஜரப்' என்றால் சொறி. 'ஹிக்கா' என்றால் அரிப்பு. பாலைவனத்து அரபியருக்கு ஜரப் என்றால் முதலில் ஒட்டகத்தின் நோயே. நட்சத்திரங்கள் நிறைந்த வானத்திற்கு 'அல்-ஜர்பாஃ', அதாவது 'சொறி பிடித்தவள்' என்ற ஒரு பெயரும் உண்டென்று அகராதி ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். மேனியெங்கும் புள்ளி புள்ளியாய்த் தெரிவதால் அப்பெயர் வந்தது. வானத்தைப் பார்த்தபோதும் தம் ஒட்டகத்தின் நோயே நினைவுக்கு வந்த ஒரு சமுதாயம் அந்நோயை எவ்வளவு அஞ்சியிருக்கும் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

அந்நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து 'கத்ரான்'. சவுக்கு இனத்தை ஒத்த ஊசியிலை மரங்களின் கட்டைகளைப் புகையவிட்டு வடிக்கும் கரிய தார் அது. சூரா இப்ராஹீமின் 50ஆவது வசனத்தில் நரகவாசிகளின் ஆடையாகக் குறிக்கப்படுவதும் இதுவே. சொறி பிடித்த ஒட்டகத்தின் மீது தாரைப் பூசி, மந்தையிலிருந்து பிரித்து நிறுத்துவார்கள். கவிஞர் தரஃபா தம் குலத்தாரால் ஒதுக்கப்பட்டபோது, தம் முஅல்லகாவில் தம்மைத் தார் பூசித் தனியே விடப்பட்ட ஒட்டகத்துக்கே ஒப்பிட்டார். நோயுற்ற கால்நடையைப் பிரித்து வைக்கும் வழக்கம் இஸ்லாத்திற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்த உவமை ஒரு சான்று.

இஸ்லாம் அவ்வழக்கத்தைக் கடமையின் தளத்திற்கு உயர்த்தியது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் ஒரு செய்தி உள்ளது. அநாதை ஒருவனின் ஒட்டகங்களைப் பராமரிக்கும் ஒருவர், அவற்றின் பாலைத் தாம் அருந்தலாமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார். காணாமற் போனதைத் தேடிப் பிடிப்பதையும், சொறி பிடித்ததற்குத் தார் பூசுவதையும், தண்ணீர்த் தொட்டியைச் செப்பனிடுவதையும் நீர் செய்து வருவீராயின், குட்டிக்குக் கேடு வராத அளவில் அருந்தலாம் என்ற கருத்தில் அவர்கள் விடை கூறினார்கள். பாலுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தார்க் கலயத்தைக் கையில் எடுத்தவனுக்கே பால் குவளையும் உரியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒட்டகத்தின் முதுகுப் புண்ணில் தம் கையை இட்டுப் பார்த்து, உனக்கு நேர்ந்ததைப் பற்றி நான் விசாரிக்கப்படுவேனோ என்று அஞ்சுகிறேன் என்ற பொருளில் பேசியதாக இப்னு ஸஅத் தம் 'தபகாத்'தில் பதிவு செய்துள்ளார்.

சொறியின் தொற்றைப் பற்றிய உரையாடலும் நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. மான்களைப் போல் துள்ளும் ஒட்டகங்களிடையே சொறி பிடித்த ஒன்று வந்து சேர, எல்லாவற்றுக்கும் அது பரவிவிடுகிறதே என்று ஒரு கிராமத்து அரபி கேட்டார். அப்படியானால் முதல் ஒட்டகத்துக்கு அதைத் தொற்ற வைத்தது யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதே நபிகளார்தாம் நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் தடுத்தார்கள். நோய்க்குத் தன்னிச்சையான ஆற்றல் இல்லை என்ற கொள்கையும், பிரித்து வைத்தல் என்ற முன்னெச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று நம் உலமாக்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்கியுள்ளனர்.

ஒட்டகத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் நாயைப் பற்றி என்ன சொல்வோம்? இக்கேள்வி என்னிடம் ஏட்டிலிருந்து வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் வந்தார். தோப்பைக் காக்கும் நாய்க்கு உடலெங்கும் அரிப்பு. ரோமம் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. மருந்து பூசினால் உளூ முறியுமா என்று கேட்டார். நான் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தைச் சொன்னேன். நாயைத் தொடுவதால் உளூ முறியாது. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால் மட்டுமே அசுத்தம் ஒட்டும். ஒட்டிய இடத்தை ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். கேள்விக்கு விடை சரியாகவே இருந்தது. ஆனால் நாய்க்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. அவரோ ஏழு முறை கழுவும் சிரமத்தை எண்ணி வேலையை ஓர் ஆளிடம் விட்டார். அந்த ஆள் பணிமனையிலிருந்து கொண்டுவந்த கழிவு என்ஜின் ஆயிலை நாயின் மேல் ஊற்றினார். அரிப்பெடுத்த நாய் அதை நக்கியது. சில நாட்களில் அது இறந்துபோனது.

அதன் பிறகே நான் நூல்களை வேறொரு கண்ணோடு புரட்டத் தொடங்கினேன்.

தூய்மைச் சட்டம் என்பது வேறு, உயிரின் உரிமை என்பது வேறு. நம்மில் பலர் முதலாவதை மட்டும் கற்று, அதுவே இரண்டாவதற்கும் விடை என்று எண்ணிவிட்டோம். நாயின் உடல் முழுவதும் நஜீஸ் என்பது ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் நிலை. எச்சில் மட்டுமே நஜீஸ் என்பது ஹனஃபிகளிடம் வலுவான கருத்து. உயிருள்ள நாய் தூய்மையானதே என்பது மாலிகிகளின் நிலை. இக்கருத்து வேற்றுமை தொழுகையாளியின் ஆடையையும் பாத்திரத்தையும் பற்றியது. வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகியவற்றுக்காக அன்றி நாய் வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று வரும் நபிமொழியும் வளர்ப்பதன் நோக்கத்தைப் பற்றியதே. வளர்த்த பிறகு அதைப் பட்டினி போடலாம், நோயில் விட்டுவிடலாம் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு ஊட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவர் அக்காலுறையை எத்தனை முறை கழுவினார் என்பது அங்கே பேச்சில்லை.

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களின் தயம்மும் பாடத்தை ஓதியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். கையிலுள்ள தண்ணீர் பேணத்தக்க ஓர் உயிரினத்தின் தாகத்திற்குத் தேவைப்பட்டால், அதை அவ்வுயிருக்கு விட்டுவிட்டு மனிதன் தயம்மும் செய்துகொள்ளலாம். விதிவிலக்காக அங்கே குறிக்கப்படுவது கடித்துக் குதறும் நாய். காவல் நாயும் வேட்டை நாயும் பேணத்தக்க உயிர்களில் அடங்கும். எந்த உயிரின் வாய் பட்டால் பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டுமோ, அந்த உயிரின் தாகம் உளூவின் தண்ணீரை முந்திக்கொள்கிறது. இப்பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை எண்ணும்போது, அவை மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போன பின்னும் அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்கிறார். நோயை அவர் பெயர் சொல்லியே குறித்திருப்பதை நாம் கடந்துபோய்விடக் கூடாது.

வரலாற்றுக்கு வருவோம். மக்கா வெற்றிக்கான பயணத்தில், அல்-அர்ஜ் என்ற இடத்தருகே குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாயொன்றைக் கண்ட நபிகளார் (ஸல்), படையினர் எவரும் அதற்கு இடையூறு செய்யாதிருக்க ஜுஐல் இப்னு ஸுராகா (ரலி) அவர்களைக் காவலுக்கு நிறுத்தியதாக வாகிதி 'மகாஸி'யில் எழுதுகிறார். சூரா அல்-மாயிதாவின் 4ஆவது வசனம் வேட்டைக்குப் பழக்கப்பட்ட விலங்குகளைப் பற்றிப் பேசுமிடத்தில் பயிற்றுவிப்போரைக் குறிக்கும் 'முகல்லிபீன்' என்ற சொல் 'கல்பு', அதாவது நாய் என்பதிலிருந்தே வந்தது. அவ்வசனத்தின் நிழலில்தான் வேட்டை விலங்குகளைப் பற்றிய ஒரு தனி இலக்கியமே அரபில் வளர்ந்தது.

பஸராவின் ஜாஹிள் (மறைவு ஹிஜ்ரி 255) தம் 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலின் தொடக்கத்தில், நாய் உயர்ந்ததா சேவல் உயர்ந்ததா என்ற வாதத்தைப் பக்கம் பக்கமாக நடத்துகிறார். நாயின் பக்கம் பேசும் இடங்களில் அபூ நுவாஸின் வேட்டைப் பாடல்களை எடுத்துக்காட்டி, அக்கவிஞர் நாய்களோடு பழகி அவற்றை அறிந்தவர் என்று சான்றும் தருகிறார். அப்பாடல்களில் ஒன்றில் நாயின் எசமான் அதனைத் தன் படுக்கையருகே வைத்து, குளிரில் தன் போர்வையால் மூடுகிறான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலையும் ஜாஹிள் பயன்படுத்தினார். ஆனால் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் நாய்க்கு மூன்று நோய்களையே சொன்னார்: வெறி, தொண்டை அடைப்பு, கால்வாதம். அரிப்பும் சொறியும் அப்பட்டியலில் இல்லை. நாயைத் தத்துவத்தால் அறிந்தவருக்குத் தப்பியது, நாயோடு உறங்கி எழுந்த வேட்டைக்காரர்களுக்குத் தப்பவில்லை.

அவர்களில் ஒருவர் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் அல்-பாஸ்யார். 'பாஸ்யார்' என்பது வல்லூறுகளைப் பழக்குபவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் ஆட்சிக் காலத்தில் (847-861) கலீஃபாவுக்காக உருவான இவருடைய நூல், வல்லூறுகளோடு வேட்டை நாய்களையும் எடுத்துப் பேசுகிறது. எப்படித் தேர்வது, எப்படி வளர்ப்பது, நோயுற்றால் என்ன செய்வது என்பனவெல்லாம் அதில் உண்டு. சொறியும் தோல் நோய்களும் இத்துறை நூல்களில் நாயின் நோய்களிடையே இடம்பெறுகின்றன.

இந்நூலின் பயணம் வியப்புக்குரியது. அந்தாக்கியாவைச் சேர்ந்த தியோடர் இதை இலத்தீனில் பெயர்த்தார். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1240-41இல் இத்தாலியின் ஃபயென்சா நகரை முற்றுகையிட்டிருந்த வேளையிலும் அம்மொழிபெயர்ப்பைத் தாமே திருத்தினார். ஆசிரியரின் பெயர் ஐரோப்பாவில் 'மோவமின்' என்று உருமாறி நின்றது. 1250இல் காஸ்தீலியாவில் ஸ்பானிய மொழியிலும் ஒரு பெயர்ப்பு உருவாயிற்று. ஆக, அப்பாஸிய அரசவைக்காக எழுதப்பட்ட மருந்துக் குறிப்புகள் நானூறு ஆண்டுகளுக்குப் பின் சிலுவைப்போர்க் காலத்துக் கிறித்தவ அரசவைகளில் படிக்கப்பட்டன. அரபு மூலமோ நீண்ட காலம் அறியப்படாமல் கிடந்து, 2005இல்தான் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு பெர்லினில் அச்சேறியது.

இதையெல்லாம் நம் முன்னோரே முதன்முதலில் கண்டறிந்தனர் என்று மார்தட்டுவது முறையாகாது. உரோமக் கவிஞர் கிராட்டியஸ் கிறிஸ்துவின் காலத்தை ஒட்டியே வேட்டை நாயின் சொறிக்குக் கீலும் எண்ணெயும் சேர்ந்த பூச்சைப் பாடி வைத்திருந்தார். முஸ்லிம்கள் செய்தது, சிதறிக் கிடந்த இவ்வறிவைத் தம் பாலைவனத்துத் தார்க் கலயத்தோடும் மருத்துவக் கோட்பாட்டோடும் இணைத்து ஒழுங்கான துறையாக்கியது. அதற்கு 'பைஸரா' என்ற பெயரும் வந்தது. அலெப்போவில் ஸைஃபுத் தவ்லாவின் அவையிலிருந்த குஷாஜிம் இத்துறையில் எழுதினார். எகிப்தின் ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்-அஸீஸின் வேட்டை அதிகாரியும் எழுதினார். பக்தாதின் இப்னுல் மர்ஸுபான் (மறைவு ஹிஜ்ரி 309) ஆடை அணிந்த பலரைவிட நாய்களே மேல் என்று தலைப்பிட்டே ஒரு நூல் செய்தார். அது மருத்துவ நூலன்று, நன்றி கெட்ட நண்பர்கள் மீதான குமுறல்.

தோல் அரிப்பின் காரணம் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள்? இப்னு ஸீனா 'அல்-கானூன்' நான்காம் நூலில் மனிதரின் சொறியையும் அரிப்பையும் விளக்கும்போது, கெட்டுப்போன இரத்தம், அதனோடு கலந்த பித்தம், உவர்ப்பான கபம் என்று உள்ளிருந்தே காரணம் தேடுகிறார். ஆகவே உணவைத் திருத்துவது சிகிச்சையின் முதற்படி ஆயிற்று. உவர்ப்பும் காரமும் விலக்கப்பட்டன. அதே நூற்றாண்டுகளில் வெளியிலிருந்து வரும் காரணத்தைக் கண்ணால் கண்டவரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு முஹம்மது அத்-தபரீ, சொறியுள்ள தோலிலிருந்து ஊசி முனையால் எடுக்கத்தக்க நுண்ணுயிரி ஒன்றை விவரித்தார். நகத்தின் மீது வெயிலில் வைத்தால் அது அசைவதையும் குறித்தார். செவில்லின் இப்னு ஸுஹ்ரும் (மறைவு 1162) அதைக் குறிப்பிட்டுள்ளார். இத்தாலியின் பொனோமோ அவ்வுயிரியைப் படம் வரைந்து, சொறிக்கு அதுவே காரணம் என்று வாதிட்டது 1687இல். நம்மவர்கள் உயிரியைக் கண்டும் கபத்தையே குற்றவாளியாக்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவெனில், இன்றைய கால்நடை மருத்துவம் இவ்விரு பக்கத்துக்கும் இடம் தருகிறது. நாயின் அரிப்புக்கு வெளியிலிருந்து வரும் காரணங்கள் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி ஆகியவை. நம் போன்ற வெப்ப நாடுகளில் தெள்ளின் எச்சிலுக்கு ஏற்படும் ஒவ்வாமையே மிகப் பரவலானவற்றுள் ஒன்று. ஒருசில தெள்ளுகளே அதற்குப் போதும். சொறிப்பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும்; வளர்ப்பவருக்கும் சில நாள் அரிப்பைத் தரும். பிரித்து வை என்ற நபிமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது. உள்ளிருந்து வரும் காரணம் ஒவ்வாமை. வீட்டுத் தூசியும் மகரந்தமும் சில நாய்களுக்கு ஆகா. சிலவற்றுக்கு உணவிலுள்ள புரதமே ஆகாது. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவையே இதில் அதிகம் பேசப்படுபவை. ஆக, வளர்ப்பவர் மிக நல்லதென்று கொடுக்கும் பாலும் கோழியுமே நோயாகக்கூடும்.

இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நாய் இதுவரை உண்ணாத ஒரே வகை இறைச்சியையும் ஒரே வகை மாவுப்பொருளையும், அல்லது மருத்துவர் தரும் தனி உணவையும் மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுத்து, வேறொன்றும் வாயில் படாமல் காத்து, அரிப்பு தணிகிறதா என்று பார்க்க வேண்டும். தணிந்தால் பழைய உணவை மீண்டும் தந்து, அரிப்பு திரும்புகிறதா என்றும் பார்த்தால்தான் உறுதியாகும். விருந்து முடிந்து மிஞ்சிய பிரியாணியை நாய்க்கு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. வெந்த எலும்பு குடலைக் குத்தும். அரபுப் பாலைவனத்தில் ஸலூகி வேட்டை நாய்க்குப் பேரீச்சம்பழமும் பாலும் ரொட்டியும் வேட்டையில் கிடைத்த இறைச்சியும் தந்தார்கள். எளிய உணவு, மசாலா இல்லாத உணவு. அதன் பாதங்களுக்கு மருதாணி பூசியவர்களும் உண்டு. ஆனால் அவ்வுணவையும் எல்லா நாய்க்கும் பொதுவான மருந்தாகக் கொள்ள முடியாது. பாலே ஆகாத நாய்கள் உள்ளன. மீனெண்ணெய் சிலவற்றுக்குத் தோலைத் தேற்றும், எனினும் பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

பழைய மருந்துப் பெட்டியில் இன்றும் நிலைத்திருப்பது கந்தகம். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மருத்துவர்கள் சில தோல் நோய்களுக்கு இன்றும் பயன்படுத்துகின்றனர். தார் அப்படி நிலைக்கவில்லை. நாய் தன் உடலை நக்கும் பிராணி. தோலில் பூசியது வயிற்றுக்குள் போகும். கத்ரானையே அஞ்ச வேண்டியிருக்க, மண்ணெண்ணெயையும் கழிவு ஆயிலையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் குளிக்கும் சோப்பும் நாயின் மெல்லிய தோலுக்கு ஒத்துவராது. அதற்கென உள்ள ஷாம்புவால் குளிப்பாட்டி, விரலிடுக்குவரை ஈரம் போகத் துடைத்து, படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுவதே போதுமான பராமரிப்பு. சொறிப்பூச்சிக்கும் தெள்ளுக்கும் இன்று வாய்வழி மாத்திரைகளே வந்துவிட்டன. எது எந்த நோய் என்று பாராமல் ஸ்டீராய்டு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டே போவது அரிப்பை மறைக்கும், நோயை விட்டுவைக்கும்.

என் மாணவரின் தோப்பில் இப்போது வேறொரு நாய் காவலுக்கு இருக்கிறது. கடந்த மழைக்காலத்தில் அதுவும் காதோரத்தில் சொறியத் தொடங்கியது. இம்முறை அவர் என்னிடம் வரும் முன்பே கால்நடை மருத்துவரிடம் போயிருந்தார். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் பூச்சி தென்பட்டதாம். மருந்து கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் ரோமம் முளைத்துவிட்டது. நான் ஒரு நாள் மாலை அங்கே போயிருந்தேன். ரப்பர் கையுறை அணிந்து அவரே நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மஃக்ரிபுக்கு நேரம் நெருங்கியது. பம்புசெட் அருகே ஒரு மண்கலயத்தில் சுத்தமான மணல்மண் வைத்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, நீர் தெறித்திருந்த முழங்கையில் அம்மண்ணைக் குழைத்துத் தேய்த்து, எண்ணிக்கை தவறாமல் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஸஃப்பில் நின்றார்.